சண்டிகை முதல் சண்டியர் வரை

அம்மன் கோயில் குடமுழுக்கு மலரில் ‘சண்டியர்’ என்ற தெருச்சொல்லுக்கு ஒரு கட்டுரையா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். விழாக்குழுவினர் அன்போடு பணித்த பொருள் இது. அவர்கள் பணித்ததற்குத் தக்க காரணமும் உண்டு. ஊரில் வம்புக்கு அலைபவனைச் சுட்டும் அந்தச் சொல்லும், கருவறையில் வீற்றிருக்கும் அன்னையின் திருநாமங்களுள் ஒன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. மகிடனை அன்னை வதைத்த வரலாறும், நவராத்திரியின் சிறப்பும், சண்டி ஓமத்தின் பலனும் இம்மலரைக் கையில் எடுப்பவர்களுக்குப் பாலபாடம். ஆகவே அவற்றை விடுத்து, சொல்லின் வழியே மட்டும் நடந்து பார்க்கலாம்.

வடமொழித் தாதுபாடம் இதன் வேருக்குச் சொல்லும் பொருள் சினத்தல். அதிலிருந்து வந்த ‘சண்டம்’ கடுமை, வேகம், வெம்மை ஆகியவற்றைக் குறிக்கும். சுழன்றடிக்கும் காற்று சண்டமாருதம். வேதாந்த தேசிகரின் சததூஷணிக்குச் சோளிங்கர் தொட்டையாசாரியர் வகுத்த உரைக்கும் ‘சண்டமாருதம்’ என்பதே பெயர். எதிர்வாதங்களைச் சுருட்டி எறியும் நூலுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. கடுமை என்பது இழிவான பொருளாக அன்று கருதப்படவில்லை என்பதற்கு இந்த ஒரு பெயரே போதும்.

இச்சொல் தமிழுக்குப் பின்னாளில் வந்தது என்பதற்கு இலக்கணச் சான்றும் காட்டலாம். சகர மெய் அ, ஐ, ஔ ஆகிய மூன்று உயிர்களோடு கூடிச் சொல்லுக்கு முதலில் வாராது என்பது தொல்காப்பிய விதி. அவ்விதியில் பாடபேதம் கொள்வாரும் உண்டு. பிற்காலத்தில் பவணந்தியார் நன்னூலில் இந்தத் தடையைத் தளர்த்தினார். சண்டை, சண்டி, சண்டியர் என்று இன்று நம் வாயில் சரளமாக வரும் சொற்கள் எல்லாம் அந்தப் பழைய வேலியைத் தாண்டி நிற்பவை.

இனி, அன்னையின் திருநாமம். மார்க்கண்டேய புராணத்தின் ஒரு பகுதியாகிய தேவி மாகாத்மியம் 13 அத்தியாயங்கள் கொண்டது. 700 மந்திரங்களாக எண்ணப்படுவதால் சப்தசதி என்றும், அன்னையின் பெயராலேயே சண்டி என்றும் வழங்குகிறது. இதற்கு உரை கண்டவர்களுள் தமிழ்நாடு பெருமை கொள்ளத்தக்கவர் 18-ஆம் நூற்றாண்டில் காவிரிக் கரையில் வாழ்ந்த பாஸ்கரராயர். அவர் பெயரால் பாஸ்கரராஜபுரம் என்ற ஊர் இன்றும் இருக்கிறது. லலிதா சகஸ்ரநாமத்துக்கு அவர் எழுதிய சௌபாக்ய பாஸ்கரம் பலரும் அறிந்தது. சப்தசதிக்கு அவர் எழுதிய குப்தவதியை அறிந்தவர்கள் குறைவு. அறிய வேண்டிய நூல் அது.

சண்டி என்னும் பெயருக்கு அந்த உரையில் அவர் தரும் விளக்கம் அருமையானது. சண்டி என்பவள் பரப்பிரம்மத்தின் பட்டத்தரசி என்கிறார். அளவுக்குள் அடங்காத தன்மையையே ‘சண்ட’ என்ற அடைமொழி சுட்டும் என்கிறார். சினம் என்ற பொருளையும் அவர் தள்ளிவிடவில்லை. ருத்திரனுடைய சினத்துக்கே முதல் வணக்கம் சொல்லும் வேதப் பகுதியையும், பரம்பொருளுக்கு அஞ்சியே காற்று வீசுகிறது என்னும் தைத்திரீய உபநிடதத்தையும் துணைக்கு அழைக்கிறார். உலகம் ஒழுங்கில் நிற்பதற்குக் காரணமான அச்சம் எவளிடமிருந்து பிறக்கிறதோ அவளே சண்டி. தன் வீட்டுப் பிள்ளைக்குச் சோறூட்டும் கையே வாளும் ஏந்துகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துரைத்தவர் இலர்.

தேவி மாகாத்மியத்திலேயே அசுரன் ஒருவனுக்கும் இந்தப் பெயர் உண்டு என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். சண்டன், முண்டன் என்ற இருவர் சும்பனுடைய ஏவலாளர்கள். அம்பிகையின் எழிலைக் கண்டு, இவளை நீ கைப்பற்று என்று அரசனிடம் போய்ச் சொன்னவர்கள் அவர்களே. ஏழாம் அத்தியாயத்தில் அம்பிகையின் நெற்றியிலிருந்து வெளிப்பட்ட காளி இருவர் தலைகளையும் கொய்து கொண்டுவந்து வைக்க, சாமுண்டி என்ற பெயரைப் பெறுகிறாள். லலிதா சகஸ்ரநாமத்திலும் சண்டிகை என்ற நாமத்தை அடுத்து வருவது சண்டமுண்டாசுரரை அழித்தவள் என்ற நாமம். பெயர் ஒன்றுதான். ஒருத்தியின் சினம் அறத்துக்குக் காவல். ஒருவனின் முரட்டுத்தனம் எசமானனின் ஆசைக்குக் கூலிவேலை.

நம் காப்பியங்களும் இந்த வேறுபாட்டைக் கைவிட்டதில்லை. மதுரையை எரிக்கத் துணிந்த கண்ணகி, தீக்கடவுளிடம் விலக்கு வேண்டியவர்களின் பட்டியலைச் சிலப்பதிகாரத்து வஞ்சினமாலையில் காணலாம். அறவோர், முதியோர், குழந்தைகள், பத்தினிப் பெண்டிர், பசு எல்லாரையும் விட்டுத் தீயோர் பக்கமே செல்லச் சொல்கிறாள். கணவனை இழந்து கொதித்த வேளையிலும் அவள் சினத்துக்கு எல்லை இருந்தது. சண்டீசர் வரலாறும் இத்தகையதே. பின்னர் சண்டீசர் ஆன சேய்ஞலூர் விசாரசருமர், சிவபூசைப் பாலைக் காலால் இடறியவர் தம் தந்தை என்றும் பாராமல் வெட்டினார். தமக்கென்று எதையும் அவர் வேண்டவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் இறைவன் அவர் தலையில் மாலை சூட்டும் சிற்பத்தின் முன் நின்றவர்களுக்கு மேலும் விளக்கம் வேண்டாம். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் நிலங்கள் ஆதிசண்டேசுவரர் பெயரிலேயே வாங்கப்பட்டன, விற்கப்பட்டன. சினம் மிக்கவர் என்று பெயர் பெற்றவரிடமே கோயில் சொத்தை நம்பி ஒப்படைத்தது அந்தக் காலம்.

இத்தனை உயரத்திலிருந்த சொல் தெருவுக்கு இறங்கியது மாட்டின் வழியாக இருக்கலாம். நுகத்தடியில் பூட்டியதும் படுத்துக்கொண்டு, அடித்தாலும் எழாத காளையை உழவர்கள் சண்டி மாடு என்பார்கள். அடம் பிடிக்கும் குழந்தையைக் கன்னடத்தாரும் சண்டி பிடிக்கிறது என்றே சொல்வார்கள். சினம் என்ற பொருள் இங்கே பிடிவாதமாக மாறிவிடுகிறது. எவர் சொல்லுக்கும் கட்டுப்படாத மாட்டிலிருந்து எவர் சொல்லுக்கும் கட்டுப்படாத மனிதனுக்குப் போவது ஓர் எட்டுத்தான். சண்டித்தனம், சண்டியன் என்று வளர்ந்து, மதுரை, தேனி வட்டாரங்களில் ‘சண்டியர்’ என மரியாதை விகுதியும் பெற்றது. அந்த ‘அர்’ அன்பால் வந்ததன்று, அச்சத்தால் வந்தது. 2003-இல் கமல்ஹாசன் தம் படத்துக்கு இந்தப் பெயரைச் சூட்டியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. 2004 பொங்கலுக்கு அப்படம் ‘விருமாண்டி’ என்ற பெயரில் வெளிவந்தது. சொல்லின் கனம் நாட்டுக்குத் தெரிந்தே இருந்தது.

கடலுக்கு அப்பாலும் இச்சொல் உயிரோடிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஊர்ச் சண்டியன் என்றால் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சாரத்தை முழங்காலுக்கு மேல் தூக்கி மடித்துக் கட்டுவதை அங்கே சண்டிக்கட்டு என்கிறார்கள். சிங்களவரும் அடாவடிக்காரனைச் ‘சண்டியா’ என்கிறார்கள். பக்கத்து வீட்டு மொழியோடு நாம் பகிர்ந்துகொண்ட சொற்களுள் இதுவும் ஒன்றாகிவிட்டது.

ரவுடி, கேடி, குண்டர் என்ற புதிய சொற்கள் பிறகு வந்தன. ரவுடி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிறந்த சொல். குண்டர் வடக்கிலிருந்து வந்து, 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் தடுப்புக்காவல் சட்டத்துக்கே மக்கள் வழக்கில் பெயராகிவிட்டது. இவற்றுக்கு நம் ஆகமத்திலும் புராணத்திலும் வேர் இல்லை. ஆகவே இங்கே விரிக்கவில்லை.

திருவள்ளுவர் வெகுளாமையின் முதற்குறளிலேயே, தன் சினம் பலிக்கும் இடத்தில் அதை அடக்குபவனே உண்மையில் சினம் காத்தவன் என்கிறார். சண்டியர் என்று இன்று அழைக்கப்படுபவர் செய்வது இதற்கு நேர்மாறு. பலிக்கும் இடத்தில், எளியவர் மீது மட்டுமே அவர் சினம் பாயும். கண்ணகி விலக்கச் சொன்னவர்களைத்தான் அவர் முதலில் தேடுகிறார்.

ஆதலால் நம் ஊர் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆடித் திருவிழாவில் கோயில் வாசலில் வைக்கும் பேனர்களில் படத்துக்குக் கீழே ‘சண்டியர்’ என்று பட்டம் போட்டுக்கொள்ளும் வழக்கத்தை இந்தக் குடமுழுக்கோடு நிறுத்திவிடுங்கள். அன்னையின் சினத்தில் பங்கு வேண்டுமென்றால், கோயில் நிலத்தை வளைப்பவரையும், வழியில் பெண்பிள்ளைகளை மறிப்பவரையும் தட்டிக் கேளுங்கள். அந்தப் பெயரைப் பேனரில் எழுத வேண்டாம்.