டிவி கேமரா முன் வெட்கப்பட வைப்பது: எப்போது நியாயம்?

செய்தியாளர் மைக்கை நீட்டுகிறார். எதிரில் நிற்பவர் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு காரில் ஏறுகிறார். இந்தக் காட்சியை டிவியில் பார்த்திருப்பீங்க. அது எப்போது நியாயம், எப்போது அநியாயம்?

ஏன் பலிக்கிறது?

புகார்க் கடிதத்தைக் கிடப்பில் போடலாம். இரவுச் செய்தியில் ஊரே பார்த்ததை அப்படிப் போட முடியாது. டிவி3-இன் ‘அடுவான் ரக்யாட்’ அங்கத்தில் மறைந்த செய்தியாளர் கரம் சிங் வாலியா, மலாய்ப் பழமொழிகளைச் சொல்லியே பொறுப்பில் உள்ளவர்களைக் குத்திக் காட்டுவார். அவர் குறிவைத்தது யாருடைய சொந்த வாழ்க்கையையும் அல்ல, செய்யாமல் விட்ட வேலையை.

ஜொகூரில் யாரைக் கேட்பது?

2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. பிறகு ஒரு நிறுவனத்தின் இயக்குநர்கள் மீதும் ஒரு லோரி ஓட்டுநர் மீதும் குற்றம் சாட்டப்பட்டது. இதில் கேமராவுக்குச் சுலபமாகச் சிக்குகிறவர் யார்? ஓட்டுநர்தான். ஆனால் கழிவை அனுப்பியது யார், கண்காணிக்க வேண்டியது யார் என்பதுதான் பெரிய கேள்வி. எளியவரை மட்டும் காட்டினால் அது புலனாய்வு ஆகாது.

தவறினால் என்ன ஆகும்?

2007-இல் டில்லி ஆசிரியை ஒருவர் மாணவிகளைப் பாலியல் தொழிலில் தள்ளுவதாக ‘லைவ் இந்தியா’ சேனல் ரகசியக் கேமரா காட்சிகளை ஒளிபரப்பியது. கும்பல் அவரைத் தாக்கியது, வேலையும் போனது. விசாரித்தால், எல்லாமே ஜோடனை. மாணவி என்று காட்டப்பட்டவர் மாணவியே இல்லை. சேனலுக்கு அரசு ஒரு மாதத் தடை விதித்தது. ஆனால் அந்த அடியை யார் திருப்பி எடுப்பது?

உங்க கைப்பேசியும் கேமராதான்

பகிரும் முன் மூணு கேள்வி:

1. ஆதாரம் இருக்கா, இல்லை வெட்டி ஒட்டிய காணொளியா?
2. சம்பந்தப்பட்டவர் பதில் சொல்ல வாய்ப்பு கிடைச்சதா?
3. இதில் பொதுநலன் இருக்கா, வெறும் வேடிக்கையா?

மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 500-வது பிரிவின்படி அவதூறுக்கு ஈராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டுமே கிடைக்கலாம். சொன்னது உண்மை என்றாலும், அது பொதுநலனுக்காக இருந்தால்தான் விதிவிலக்கு.

ஆற்றில் யாரோ கழிவு கொட்டுவதைப் பார்த்தால் படம் பிடிங்க. தேதி, நேரம், இடத்தைக் குறிச்சுக்கோங்க. முதலில் சுற்றுச்சூழல் துறையிடம் புகார் கொடுங்க. யாரும் அசையவில்லையா? அப்போதுதான் டிவி கேமராவுக்கு வேலை.