தாத்தா சொன்ன மலை – 7: பாதி ஆற்றில் திரும்பிய நாய்கள்

சென்ற வாரம் பாலாற்றங்கரையில் நிறுத்தியிருந்தோம். புதிதாக வாசிப்பவர்களுக்கு முன்கதை: கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர்களிடம் பெண் கேட்டார்கள். வேளாளர்கள் ஏளனம் செய்து அனுப்பினார்கள். ஆத்திரம் கொண்ட வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீட்டுவர ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். கிளம்புமுன் மனைவிமாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார்கள்: நாய்கள் மட்டும் தனியே திரும்பி வந்தால் நாங்கள் செத்துவிட்டோம் என்று கருமாதியை முடித்துவிடுங்கள்.

கரைக்கு வந்து பார்த்தால் பாலாற்றில் வெள்ளம்.

இந்த இடம் வந்தால் என் தாத்தா கதையை நிறுத்திவிடுவார். ஆலங்காயத்தில் அவருக்குச் சின்னதாக ஒரு மண்டி. மலையிலிருந்து சாமையும் புளியும் கடுக்காயும் தேனும் இறக்கிக்கொண்டு வருகிறவர்கள் அங்கேதான் உட்காருவார்கள். கதை கேட்கிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கதைக்குள்ளிருந்து வந்தவர்கள். ஜவ்வாது மலையின் மலையாளிகள் அவர்கள். கேரளத்துக்காரர்கள் இல்லை, தமிழ் பேசும் மலைமக்கள். தங்கள் முப்பாட்டன் கதையைக் கீழ்நாட்டு வியாபாரி ஒருவர் சொல்ல, வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். தாத்தா எழுந்து தராசைத் துடைப்பார்.

“வெள்ளம் வடியட்டும். அதுக்குள்ள இந்தப் புளிய நிறுத்துடலாம்.”

புளியை நிறுத்து, கணக்கு எழுதி, காசை எண்ணிக் கொடுத்த பிறகுதான் பாலாறு வடியும். தொடர்கதை எழுதுகிற நான் அவரிடம் கற்ற தொழில் இது.

ஏழு பேரும் தட்டுத்தடுமாறி அக்கரை சேர்ந்தார்கள். நாய்கள் பாதி ஆறு வரை நீந்தின. அதற்கு மேல் முடியாமல் திரும்பி, வந்த வழியே காஞ்சிபுரத்தைப் பார்க்க ஓடின. அக்கரையில் நின்றவர்கள் கூப்பிட்டார்களா, வெள்ளத்தின் இரைச்சலில் கேட்கவில்லையா என்று எந்த ஏட்டிலும் இல்லை. தாத்தா மட்டும் நாய்களின் பக்கம் நின்று வாதாடுவார்.

“நாய்ங்க மேல இன்னா தப்பு? கூலி பேசாம கூட்டிகினு போனா எவனா இருந்தாலும் பாதி வழியில திரும்பிடுவான்.”

இதற்கு மூட்டை தூக்குகிறவர்கள்தான் எல்லாரையும் விட உரக்கச் சிரிப்பார்கள்.

நான் சிறுவனாகப் பார்த்த பாலாறு மணல்வெளி. மழைக்காலத்தில் சில நாள் தண்ணீர் ஓடும், மற்ற நாளெல்லாம் மாட்டுவண்டி ஓடும். இதில் நாய் நீந்துமா என்று கேட்டேன். 1903 நவம்பரில் இதே ஆறு கரை உடைத்து வாணியம்பாடிக்குள் புகுந்து ஆட்களையும் வீடுகளையும் வாரிக்கொண்டு போனதை அப்போதுதான் சொன்னார். அவருடைய அப்பா காலத்துச் சங்கதி. சொல்லும்போது முகத்தில் விளையாட்டே இல்லை. சொல்லி முடித்ததும் விளையாட்டு திரும்பி வந்தது: “அன்னிக்கும் இப்படி மணலா கெடந்திருந்தா நாய்ங்க கால் நனையாம போயிருக்கும். மலையில ஒருத்தரும் குடியேறி இருக்க மாட்டாங்க. நான் புளிக்கு எங்கடா போவேன்?”

நாய்கள் வீடு வந்து சேர்ந்தன. மனைவிமார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். தாலி இறங்கியது, கருமாதி முடிந்தது. அதே நாட்களில் ஏழு பேரும் கங்குந்திக்குப் போய், பெண்களைத் தூக்கிய வேடர்களைக் கொன்று, வெற்றியோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குள் நுழைந்தபோது அவர்கள் செத்துப்போனவர்கள். சடங்கு முடிந்தவனுக்கு வீடு கிடையாது, சாதி கிடையாது, பந்தி கிடையாது. வேடர் பெண்களை மணந்துகொண்டு ஜவ்வாது மலை ஏறினார்கள், உழுது பயிர் வைத்தார்கள். மலையாளிகளின் முன்னோர் அவர்களே என்று கதை முடிகிறது.

வட ஆர்க்காடு மாவட்டக் கையேடு இந்தக் கதையைச் சக ஆண்டு 1055 என்று தேதியிட்டுச் சொல்கிறது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் நூலிலும் இது இருக்கிறது. அந்தச் சக ஆண்டைக் கணக்குப் போட்டால் கி.பி. 1132-33, சோழ நாட்டில் விக்கிரம சோழன் ஆட்சி. இவ்வளவு துல்லியமான ஆண்டு எனக்குச் சந்தேகத்தைத்தான் தருகிறது. வாய்வழிக் கதைக்கு யாரோ பின்னால் சட்டை போட்டுவிட்டிருக்கிறார்கள். ஆனால் காஞ்சிபுரத்தை அப்படித் தள்ள முடியவில்லை. சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று எங்கே கேட்டாலும் மலையாளிகள் காஞ்சியிலிருந்து வந்தோம் என்றே சொல்கிறார்கள். அங்கே கதை வேறு, அண்ணன் தம்பிகள் பிரிந்துபோன கதை. புறப்பட்ட ஊர் மட்டும் ஒன்று. உயர்ந்த ஊரைப் பூர்வீகமாகச் சொல்லிக்கொள்வது எல்லா மக்களுக்கும் உள்ள பழக்கம்தான். ஆனாலும் பெருமைக்காகக் கட்டிய கதையில், உயிரோடு இருக்கும்போதே கருமாதி செய்யப்பட்ட அவமானத்தை யார் சேர்த்துக்கொள்வார்கள்? கீழ்நாடு தங்களைக் கைகழுவியது என்ற நினைவு இதில் இருக்கிறது. அதை நான் நம்புகிறேன்.

தாத்தா இந்த அவமானத்தையும் சிரிப்பாக்கித்தான் சொல்வார். உயிரோடு வந்த புருஷன் வாசலில் நின்று, “என் கருமாதிக்கு வடை போட்டீங்களே, எனக்கு ரெண்டு எடுத்து வச்சீங்களா?” என்று கேட்பதாக நடித்துக் காட்டுவார். மலைக்காரர்கள் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். அந்தக் கண்ணீரில் பாதிதான் சிரிப்பு என்று தாத்தாவுக்குத் தெரியும். அன்றைக்கு எடையில் ஒரு கை கூடவே விழும்.

ஒருநாள் கதை முடிந்து எல்லாரும் எழுந்தபோது உள்ளேயிருந்து பாட்டியின் குரல் வந்தது.

“நாய் வீடு வந்துச்சி. ஆம்பளைங்க மலை ஏறினாங்க. தூக்கிகினு போன அந்த ஏழு பொண்ணுங்க இன்னா ஆனாங்க?”

தாத்தா வாயைத் திறந்தார், மூடினார். பதில் இல்லாமல் அவர் நின்று நான் பார்த்தது அன்றுதான். ஏட்டிலும் பதில் இல்லை. யாருக்காக அத்தனை பேர் செத்தார்களோ, அந்தப் பெண்கள் கதையின் பாதியிலேயே காணாமல் போகிறார்கள். மீட்டார்கள் என்றுகூட வெளிப்படையாக ஒரு வரி இல்லை. எழுதிய துரைமாருக்கும் தோன்றவில்லை, சொல்லிக்கொண்டிருந்த தாத்தாவுக்கும் தோன்றவில்லை. அடுப்படியில் இருந்தவளுக்குத்தான் தோன்றியது.

மறுநாள் விடியற்காலையில் தாத்தா ஜமுனாமரத்தூர் பஸ் ஏறினார். காவலூரில் வானாய்வுக்கூடத்தின் வெள்ளைக் கூரையைப் பார்த்து நடத்துநரிடம், “அவ்ளோ பெரிய கண்ணாடி வச்சிருக்கானுங்க, நட்சத்திரம் வர்றது தெரியுதாம். கடன்காரன் வர்றது மட்டும் தெரியாதாம்” என்றாராம். அதைத் தாண்டி, மலைக்குள் தனக்குத் தெரிந்த ஒரு சிற்றூரில் இறங்கினார். அந்த ஊரிலேயே மூத்த கிழவி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். தாத்தா சுற்றி வளைக்காமல் பாட்டியின் கேள்வியை அப்படியே கேட்டார்.

கிழவி முறத்தைக் கீழே வைத்தாள்.

“ஏம்பா வியாபாரி, அந்த ஏழு பேரும் காஞ்சிபுரத்துக்குத் திரும்பிப் போவணும்னு ஆசைப்பட்டாங்கன்னு உனக்கு யாரு சொன்னது?”

(அடுத்த வாரம்: கிழவி சொன்ன மீதிக் கதை)