நாதாங்கியில் செருகிய எழுத்தாணி

ராசிங்காபுரத்தில் எங்கள் பழைய வீட்டுக் கதவின் நாதாங்கியில் ஒரு இரும்புக் குச்சி செருகியிருக்கும். ஒரு முனை கூர், மறுமுனை குண்டு. போடிச் சந்தையில் பழைய இரும்போடு தாத்தா வாங்கி வந்தது. அது குண்டெழுத்தாணி என்று நான் தெரிந்துகொண்டது ரொம்பவும் தாமதமாக. அதற்குள் அம்புலிமாமாவும், 1972-இல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கிய முத்து காமிக்ஸும் என் சாகச உலகத்தை நிரப்பிவிட்டிருந்தன. நான் படித்த படக்கதைகளில் ஓலை வந்தால் அது புதையலுக்கு வழி சொல்லத்தான் வரும். அதை எழுதிய கையை எந்தக் கட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

அந்தக் கையின் வேலை லேசானதல்ல. இடது கட்டைவிரல் நகத்தில் வெட்டிய பள்ளத்தில் ஆணி சாய்ந்து நிற்கும், ஓலைதான் நகரும். கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரியாது. கரியும் மஞ்சளும் பச்சிலைச் சாறும் தடவித் துடைத்தால்தான் தெரியும். புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்பதால் புள்ளி வைப்பதில்லை. மெய்யும் உயிர்மெய்யும், எகரக் குறிலும் நெடிலும் ஒன்றுபோல் நிற்கும். படிப்பவன்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆக, கருவி ஒருவிதமான வாசகனையும் உண்டாக்கியது. இன்று பாடபேதம் என்று நாம் சர்ச்சை செய்வதில் பாதி, இந்த ஆணி முனையில் தொடங்கிய விஷயம்.

ஓலைக்கு ஆயுள் சில நூறு வருஷங்கள். பிரதி செய்தால் நூல் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனபோது, பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அவரே இதை எழுதிவைத்திருக்கிறார்.

மணலும் ஒரு கருவிதான். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகியதைச் சென்னையில் பார்த்த ஆண்ட்ரூ பெல், எழும்பூரில் தன் பொறுப்பிலிருந்த அநாதைப் பிள்ளைகளுக்கு அதையே சொல்லிக்கொடுத்தார். 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாகவும் போட்டார். பின்னால் இங்கிலாந்துப் பிள்ளைகளும் மணலில் எழுதினார்கள்.

இதில் பெருமைப்பட்டுக்கொண்டு நின்றுவிடுவது சுலபம். ஆனால் நம் திண்ணைகள் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. 2006-இல் எங்கள் மாவட்டத்திலேயே, ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், தமிழ்ப் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்கள் கிடைத்தன. ஒன்று, கூடலூர் ஆகோள் பூசலில் செத்தவனுக்கு எடுத்தது. கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளிலேயே இந்த வைகைக் கரையில் மாடு கவரும் சண்டையில் விழுந்த ஒருவனுக்காக யாரோ உளி எடுத்து எழுத்து வெட்டியிருக்கிறார்கள். எழுத்து அரண்மனைக்கும் கோயிலுக்கும் மட்டுமே சொந்தம் என்ற எண்ணத்தை அந்தக் கல் ஆட்டிவைக்கிறது. அங்கிருந்து இரண்டாயிரம் வருஷம் கழித்து, ஏலத்தோட்டத்துக்கு மலையேறிய என் பாட்டி சம்பளப் பட்டியலில் கைநாட்டு வைத்தாள்.

எழுத்தாணியை அவள் தினமும்தான் தொட்டாள், கதவைச் சாத்துவதற்கு. குழந்தைகளுக்கு யாராவது எழுதுகருவிகளின் சாகசக் கதையைப் படம் போட்டுச் சொல்வதானால், முதல் கட்டத்தில் புதையல் வேண்டாம்; அந்தக் கதவை வரையட்டும்.