சிறு இருப்புப்பாதையும் அளவு நியமமும்

படியும் முழமும் ஊருக்கொன்றாயின் வாணிகம் நடவாது. இவ்வுண்மை பெருந்தொழில்களுக்கேயன்றி, மேசைமீது ஓடும் மாதிரிப் புகையிரதங்களுக்கும் பொருந்தும். நியமம் ஒன்று எவ்வாறு தோன்றுகின்றது, குறையுடையதாயினும் எவ்வாறு நிலைபெறுகின்றது என்பதை அவற்றின் வரலாறு தெளிவுறக் காட்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் விளையாட்டுப் பொருளாக்குவோர், தத்தமக்கு வேண்டியவாறு பாதையின் அகலத்தை அமைத்தனர். ஒருவர் செய்த வண்டி மற்றொருவர் செய்த பாதையில் ஓடாது. 1891ஆம் ஆண்டு, ஜேர்மனியின் மார்க்லின் நிறுவனத்தார் லைப்சிக் நகரச் சந்தையில், எண்ணிட்ட அகலங்களையுடைய பாதைகளைக் காட்சிக்கு வைத்தனர். பின்னர் எழுந்த 'ஓ' என்னும் சிற்றளவு ஏறக்குறைய 32 மில்லிமீற்றர் அகலமுடையது.

இல்லங்கள் சிறியனவாகவே, இன்னும் சிறிய பாதை வேண்டப்பட்டது. 1922இல் பிங் நிறுவனத்தார் 'ஓ' அளவின் பாதியளவில் மேசைப் புகையிரதத்தை வெளியிட்டனர். இவ்வழியில் 16.5 மில்லிமீற்றர் அகலம் நிலைபெற்றது. உண்மைப் பாதையின் அகலம் 4 அடி 8½ அங்குலம், அடிக்கு 3.5 மில்லிமீற்றராகக் குறைப்பின் இவ்வகலமே கிடைக்கும். இதனை 'எச்.ஓ.' என்பர்.

இங்கிலாந்திலோ இடர்ப்பாடு ஒன்று நேர்ந்தது. அந்நாட்டு வண்டிகள் ஐரோப்பிய வண்டிகளினும் ஒடுங்கியவை. எனவே 3.5 மில்லிமீற்றர் வீதத்தில் அமைத்த இயந்திர உடலினுள் அக்கால மோட்டார் அடங்கவில்லை. ஆகவே உடலை அடிக்கு 4 மில்லிமீற்றராகப் பெருக்கினர். பாதையை மட்டும் 16.5 மில்லிமீற்றராகவே விட்டனர். 'ஓ.ஓ.' எனப்படும் இந்நியமம், 1938இல் வெளிவந்த ஹோர்ன்பி டப்ளோ வண்டிகளால் எங்கும் பரவியது. கணக்கிட்டுப் பார்ப்பின், அதன் பாதை 4 அடி 1½ அங்குலத்தையே குறிக்கும். ஏழு அங்குலம் குறைவு. மோட்டார்கள் சிறுத்த பின்னரும் அந்தக் குறை நீங்கவில்லை.

பாதையின் அகலம் ஒன்றே போதுமோ எனின், போதாது. ஓர் அச்சிலுள்ள இரு சக்கரங்களின் உட்புறங்களுக்கிடையே உள்ள தூரமும் வரையறுக்கப்படல் வேண்டும், 'ஓ.ஓ.' அளவில் அது 14.5 மில்லிமீற்றராகக் கொள்ளப்படும். பாதை பிரியுமிடத்தில் காப்புத் தண்டவாளம் ஒரு சக்கரத்தின் உட்புறத்தைப் பற்றி மற்றையதை நெறிப்படுத்தும். அத்தூரம் மிகின் சக்கர விளிம்பு சந்தியின் கூர்முனையில் மோதும். குறையின் சக்கரங்கள் இடுக்கில் இறுகும். விளிம்பின் உயரமும் இத்தகையதே. உண்மைச் சக்கரத்தின் விளிம்பை 76இல் ஒரு பங்காக்கின் அது அரை மில்லிமீற்றரும் தேறாது. ஆதலின் விளையாட்டு வண்டிகளில் அது பெரிதாக்கப்பட்டது.

இவற்றை வரையறுக்கச் சங்கங்கள் எழுந்தன. அமெரிக்க தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கம் 1935இல் மில்வாக்கி நகரில் தோன்றியது. சக்கரத்தையும் பாதையையும் ஒருங்கே சோதிக்கும் உலோகத் தகட்டையும் அது வழங்கியது. ஐரோப்பாவில் 1954இல் மொறொப் என்னும் கூட்டமைப்பு அமைந்தது. இங்கிலாந்தில் குறையைப் பொறாதார் முதலில் 18 மில்லிமீற்றரும், 1960களில் கணக்கிற்கு இயைந்த 18.83 மில்லிமீற்றரும் கைக்கொண்டனர். பின்னையது கண்ணுக்கு இனிது. ஆயினும் விளிம்பு சிறிதாதலால், பாதையின் சிறு மேடு பள்ளத்திலும் தடம்புரளாதிருக்க அச்சுகள் அசைந்து கொடுக்குமாறு அமைத்தல் வேண்டும். அதற்குப் பொறுமையும் கைத்திறனும் மிக வேண்டும்.

இன்றும் இங்கிலாந்தின் கடைகளில் பெரிதும் விற்பனையாவது 16.5 மில்லிமீற்றர் பாதையே. அறியாமையால் அது நிலைத்ததன்று. குறையை யாவரும் அறிவர். ஒருவன் வாங்கிய வண்டி அயலான் பாதையிலும் ஓடும் என்னும் நம்பிக்கையே அதனைக் காக்கின்றது. மெய்யளவை நாடிய சிலரின் உழைப்பும் வீணன்று. பலரோடு ஒத்து நிற்பதற்காக எவ்வளவு மெய்ம்மையை விட்டுக்கொடுத்தோம் என்பதை அதுவே அளந்து காட்டுகின்றது. அளவைகளைப் பயிலும் மாணவர் இவ்விரண்டையும் சேர்த்தே சிந்தித்தல் நன்று.