தவறணையும் தாவெர்னாவும்

யாழ்ப்பாணத்தில் கள் விற்கும் கடைக்குத் தவறணை என்று பெயர். தமிழ்நாட்டுக் காதுக்கு அது ‘தவறு’ என்பதிலிருந்து பிறந்த சொல்போல ஒலிக்கும். அதன் வேர் போர்த்துக்கீசிய மொழியின் ‘தாவெர்னா’. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள் விட்டுச்சென்ற சொற்களில் அதுவும் ஒன்று. தமிழர் அன்றாடம் புழங்கும் கோப்பையும் பீப்பாயும் அதே மொழியிலிருந்து வந்தவைதாம். தாவெர்னா என்ற சொல் உருத்திரியாமல் இன்றும் வழங்கும் இடம் கோவா. அங்குள்ள கிராமத்துத் தாவெர்னாவின் வரலாற்றைக் குடிப்பழக்கத்தின் வரலாறாக மட்டும் எழுதினால் பாதி விடுபட்டுப்போகும். அந்தச் சிறுகடையின் ஒவ்வொரு திருப்பத்தையும் தீர்மானித்தது வரிக்கணக்கு. அண்மைக் காலத்தில் அளவுநாடா.

தாவெர்னா என்பது கடற்கரையில் பயணிகளுக்காக முளைத்த மதுக்கூடம் அன்று. பர்தேஸ், சாஷ்டி வட்டங்களின் உட்கிராமங்களில் வீட்டின் முன்னறையே கடையாக இருக்கும். ஓடு வேய்ந்த தாழ்வாரம், நீண்ட மரப்பலகை, இரண்டோ மூன்றோ மேசைகள். சுவரில் புனிதர் படமும் அதன் முன் சிறு விளக்கும். இந்துவின் கடையாயின் தெய்வப் படம். பலகைக்குப் பின்னால் ‘கராஃபாவ்’ எனப்படும் பெருவயிற்றுக் கண்ணாடிக் குடுவைகள் நிற்கும். அவற்றிலிருந்து சிறு குவளையில் அளந்து ஊற்றுவார்கள். தொட்டுக்கொள்ள அவித்த முட்டை, கடலை, உப்பில் ஊறிய மாங்காய். சில கடைகளில் அதே அறையின் மறுபாதியில் சோப்பும் தீப்பெட்டியும் விற்பனைக்கு இருக்கும். கல்லாவில் அமர்ந்திருப்பவர் அவ்வீட்டுப் பெண்ணாக இருப்பதும் அங்கே வியப்புக்குரியதன்று. மீன் விலையும் நில வழக்கும் கால்பந்தும் கப்பல் வேலையும் பேசப்படும் இடம் அது. குடியாதவரும் வந்து அமர்வதுண்டு.

இங்கே காய்ச்சி வடிக்கும் கலையைப் போர்த்துக்கீசியர்தாம் கொண்டுவந்தனர் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அவர்களுடைய நூல்களே அதை ஐயத்துக்கு உள்ளாக்குகின்றன. கார்சியா த ஓர்த்தா என்ற மருத்துவர் 1563இல் கோவாவிலேயே அச்சிட்ட மருந்துப்பொருள் நூலில், தென்னங்கள்ளை ‘சுரா’ என்று குறிக்கிறார். அதைக் காய்ச்சி வடிக்கும்போது கிடைக்கும் முதல்தரச் சாராயத்துக்கு ‘ஃபூலா’, அதாவது பூ, என்று பெயர் என்கிறார். தரம் குறைந்ததற்கு ‘ஒர்ராக்கா’. கள்ளுக்கும் அதிலிருந்து வடித்த முதல் சாராயத்துக்கும் உள்ளூர் மொழிச் சொற்களையே அவர் எழுதிவைத்திருக்கிறார். மற்றது அரபு ‘அரக்’கின் திரிபு. பெயர்கள் அயலிலிருந்து வந்தவையாக இருந்திருந்தால் ஓர்த்தா தம் மொழிச் சொல்லையே இட்டிருப்பார். 1583 முதல் 1588 வரை கோவாவில் வாழ்ந்த டச்சுக்காரர் லின்ஸ்கோத்தனும், 1596இல் வெளியான தம் பயணநூலில் தென்னையின் இந்தப் பயன்களை விரிவாகச் சொல்கிறார்.

ஓர்த்தாவின் நூலில் முந்திரிக்கு இடமில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1578இல் ஸ்பெயினில் வெளியான கிறிஸ்தோவாவ் த கோஸ்தாவின் நூலில்தான் கொச்சித் தோட்டங்களில் வளரும் முந்திரி தலைகாட்டுகிறது. பிரேசிலிலிருந்து கப்பலேறி வந்த மரம் அது. மலையாளிகள் அதைப் ‘பறங்கிமாவு’ என்றே அழைத்துப் பிறப்பிடத்தைப் பெயரில் பதிந்துவிட்டனர். குமரி, நெல்லைப் பகுதித் தமிழர் ‘கொல்லாமரம்’ என்றனர். ஆகவே, இன்று கோவாவின் முகவரியாக விற்கப்படும் முந்திரி ஃபெனி இரண்டாவதாக வந்த பிள்ளை. மூத்தது தென்னை ஃபெனி. ‘ஃபெனி’ என்ற பெயரும் நுரையைக் குறிக்கும் கொங்கணிச் சொல்லிலிருந்து பிறந்ததாகவே கொள்ளப்படுகிறது. ஓர்த்தா தென்னைச் சாராயத்துக்குச் சொன்ன ‘ஒர்ராக்கா’ இன்று ‘உராக்’ என்றாகி, முந்திரிச் சாற்றின் முதல் வடிப்பைக் குறிக்கிறது. வேகம் குறைந்த, நெடுநாள் தாங்காத பானம். மார்ச் முதல் மே வரை தாவெர்னாக்களில் கிடைக்கும். மழை வந்தால் உராக் இல்லை.

தென்னையில் ஏறிக் கள் இறக்குபவருக்குக் கோவாவில் ‘ரெந்தெர்’ என்று பெயர். இது ‘ரெந்தெய்ரோ’ என்ற போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு, பொருள் குத்தகைதாரர். மரம் ஏறும் தொழிலுக்குக் கொங்கணியில் சொல் இல்லாமற்போகவில்லை. ஆயினும் நிலைத்தது, அவர் யாருக்கோ குத்தகை செலுத்துபவர் என்பதைச் சொல்லும் பெயர். ‘பாட்கார்’ எனப்படும் நிலக்கிழாரின் தோப்பில் மரத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு ஏறியவர் அவர். தமிழில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்திருக்கிறது. ‘கலால் வரி’ என்று அரசாணைகளிலும் நாளேடுகளிலும் வழங்கும் சொல், வட இந்தியாவில் சாராயம் காய்ச்சி விற்ற ‘கலால்’ சாதியின் பெயர். கோவாவில் வரி மனிதனுக்குப் பெயரிட்டது. தமிழில் மனிதனின் பெயர் வரிக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டிலும் அந்த மனிதன் அரசின் கண்ணுக்குத் தெரிந்தது வருவாயாக மட்டுமே.

இதைத் தெளிவாகக் காட்டும் ஆண்டு 1878. அவ்வாண்டு பம்பாய் மாகாணத்தில் புதிய ஆப்காரிச் சட்டம் வந்தது. காய்ச்சும் உரிமையை வீடுகளிலிருந்தும் சிறு சூளைகளிலிருந்தும் பறித்து, உரிமம் பெற்ற சிலரிடம் குவிப்பதும், இறக்கும் மரங்களுக்கு வரி விதிப்பதும் அதன் நோக்கம். இலுப்பைப் பூவிலிருந்து பழங்குடியினர் வீட்டிலேயே வடித்துவந்த சாராயம் கள்ளச்சாராயமாயிற்று. 1892இல் தாணே, கொலாபா மாவட்டங்களில் இலுப்பைப் பூவைச் சேமித்துவைப்பதற்கே கட்டுப்பாடு விதிக்கும் அளவுக்கு அந்தச் சட்டப்பார்வை நீண்டது. காட்டில் உதிர்ந்து கிடக்கும் ஒரு பூ குற்றத்துக்குச் சான்றாக மாறிய கதை தனியே எழுதத்தக்கது.

ஆனால் மாகாணத்தின் தென் எல்லையில் ஓர் ஓட்டை இருந்தது. கோவாவில் வரி குறைவு, சாராயமும் உப்பும் மலிவு, எல்லையோ காடு. அதை அடைக்க 1878 டிசம்பரில் லிஸ்பனில் ஆங்கிலேயரும் போர்த்துக்கீசியரும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். மர்மகோவா துறைமுகமும் ரயில்பாதையும் அதன் வெளித்தோற்றம். உள்ளே, கோவாவின் உப்பு ஆங்கிலேயரின் கட்டுப்பாட்டுக்குச் சென்றது. அதற்கு ஈடாக ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய். சாராயத்துக்கும் கள்ளுக்கும் பிரிட்டிஷ் இந்திய ஆப்காரி முறையே கோவாவிலும் நடைமுறைக்கு வரவேண்டும் என்பது மற்றொரு பிரிவு. 1880இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, புதுப்பிக்கப்படாமல் 1892 ஜனவரியில் காலாவதியாயிற்று.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் கோவாவின் உட்கிராமங்களுக்கு எளிதாகக் கழியவில்லை. பாட்காருக்குக் குத்தகை கொடுத்துவந்த ரெந்தெர் இப்போது அரசுக்கும் கொடுக்கவேண்டியிருந்தது. உப்பளத் தொழிலாளியும் அதே காலத்தில் அடிபட்டார். பம்பாய்க்கும் கடல் கடந்தும் கோவாக்காரர் குடிபெயர்ந்ததற்குக் காரணங்கள் பல. அவற்றுள் இதுவும் ஒன்று. இத்தனைக்கும், தாங்கள் அதுவரை காணாத ஓர் அரசின் வரிவிதிகள் தங்கள் தென்னையில் ஏறியது ஏன் என்று அந்தக் கிராமங்களுக்கு யாரும் விளக்கியிருக்க வாய்ப்பில்லை. இந்தியாவில் ஆங்கிலேயர் ஒரு நாளும் ஆளாத நிலத்திலும் அவர்களுடைய கலால் முறை ஆண்டிருக்கிறது என்பது பாடநூல்களில் ஒரு வரிக்கேனும் தகுதியான செய்தி.

அடுத்த திருப்பமும் வடக்கிலிருந்தே வந்தது. 1949இன் பம்பாய் மதுவிலக்குச் சட்டத்துக்குப் பின் மாகாணம் வறண்டது; போர்த்துக்கீசியர் வசமிருந்த கோவாவும் தமனும் ஈரமாகவே இருந்தன. கடத்தல் பெருகியதில் வியப்பில்லை. அந்தச் சட்டத்தின் எச்சத்தை இன்றும் மகாராஷ்டிர நெடுஞ்சாலைகளில் காணலாம்: மதுக்கடைப் பலகைகளில் ‘பர்மிட் ரூம்’ என்றிருக்கும். அனுமதிச்சீட்டு உடையவர் மட்டுமே அருந்தலாம் என்ற விதியின் நினைவு அது. எல்லை தாண்டிப் பத்ராதேவி வழியாகக் கோவாவுக்குள் நுழைந்தால் அந்தச் சொல் மறைந்துவிடும். தெற்கே கார்வாரிலிருந்து வருபவர்க்கு எல்லை போளெம். மாநில எல்லையைக் கடைப்பலகையைக் கொண்டே அறிந்துகொள்ளும் ஊர்கள் அவை.

1961 டிசம்பர் 19 அன்று கோவா இந்தியாவுடன் இணைந்தது. 1964இல் அதற்கெனக் கலால் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் ஃபெனி ‘நாட்டுச் சாராயம்’ என்ற வகைக்குள் அடைபட்டது. பழத்தைப் பறிக்காமல், உதிர்ந்ததை மட்டும் பொறுக்கி, பாறையில் குடைந்த தொட்டியில் காலால் மிதித்து, சாற்றைச் சில நாள் புளிக்கவைத்து, பானையில் ஏற்றி மீண்டும் வடிக்கும் ஒரு பண்டத்தை, தொழிற்சாலையில் எரிசாராயத்தில் வண்ணம் கலந்து தயாராகும் ‘அயல்நாட்டு’ மதுவுக்குக் கீழே வைத்த வகைப்பாடு அது. 2009இல் முந்திரி ஃபெனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016இல் கோவா அரசு அதை மரபுப் பானமாக அறிவித்தது. இந்தப் பெருமையின் பயன் பெரும்பாலும் சீசாவில் அடைத்து முத்திரை ஒட்டி விற்பவருக்கே போய்ச் சேர்கிறது. தாவெர்னாவின் கராஃபாவில் இருப்பது பக்கத்துக் குன்றில் தெரிந்த ஒருவர் வடித்தது. அதற்கு முத்திரை கிடையாது, ஆளின் பெயர்தான் உண்டு.

அதே 2016ஆம் ஆண்டின் டிசம்பர் 15 அன்று உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பை அளித்தது. வழக்கின் பெயர்: தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் விளிம்பிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக்கூடாது. கடை சாலையிலிருந்து கண்ணில் படவும் கூடாது. இருக்கும் உரிமங்கள் 2017 மார்ச் 31க்கு மேல் செல்லா. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதால் நேரும் சாவுகளே காரணம். அந்தக் காரணத்தை எவரும் மறுக்கவியலாது. டாஸ்மாக் கடைகள் நெடுஞ்சாலை நெடுகிலும் வரிசையாக நின்ற தமிழ்நாட்டுக்கு அந்த அளவு பொருந்தவும் செய்தது. கோவாவின் மொத்தப் பரப்போ 3,702 சதுர கிலோமீட்டர்தான். கடலுக்கும் மலைக்கும் இடையிலான ஒடுங்கிய நிலத்தில் நெடுஞ்சாலை ஊருக்கு வெளியே ஓடவில்லை. ஊர்த்தெருவுக்கே பின்னாளில் நெடுஞ்சாலை எண் இடப்பட்டது. லாரி ஓட்டுநரைக் காணாத, நடந்து வந்து நடந்து போகும் கிழவர்களுக்கான கடைகளும் அளவுநாடாவுக்குள் விழுந்தன.

இறுதிநாளான மார்ச் 31 அன்று நீதிமன்றம் 20,000 பேருக்கு மிகாத ஊர்களுக்குத் தொலைவை 220 மீட்டராகக் குறைத்தது. சிக்கிமுக்கும் மேகாலயாவுக்கும் விலக்கு அளித்தது, கோவாவுக்கு இல்லை. கேரளத்தின் வட பரவூரில் ஒரு மதுக்கூடம் தன் முற்றத்தில் வளைந்து வளைந்து செல்லும் நடைபாதையைக் கட்டி, வாயிலுக்கும் சாலைக்கும் இடையிலான நடைதூரத்தை நீட்டிக் காட்டியது. நிலமும் பணமும் உள்ளவர்க்கு அது இயலும். வீட்டு முன்னறையையே கடையாக வைத்திருப்பவர் வீட்டை எங்கே நகர்த்துவார்? 2017 ஜூலையில் நகராட்சிப் பகுதிகளுக்குத் தளர்வு வந்தது. ஊராட்சிப் பகுதிகளைப் பற்றி மாநிலங்களே முடிவு செய்யலாம் என்ற விளக்கம் 2018 பிப்ரவரியில்தான் வந்தது. ஏறத்தாழ ஓராண்டு. பெருங்கடைக்கு அது நட்டம். ஐந்தாறு குடுவைகளை வைத்துப் பிழைத்த கடைக்கு அது முடிவாகவும் இருக்கலாம்.

தாவெர்னாவைப் பொற்காலத்தின் மிச்சமாகப் போற்றுவதும் பொய்யாகும். கொங்கணியில் குடிகாரனைக் குறிக்கும் ‘பெப்தோ’ என்ற சொல்லும் போர்த்துக்கீசியம் தந்ததே. அந்தச் சொல்லை வீட்டுக்குள் அதிகம் உச்சரித்தவர்கள் மனைவியரும் மக்களுமே. அங்கே அமர்ந்து பேசியவர்கள் ஆண்கள். மரம் ஏறியவரின் தொழிலை இழிவாகக் கண்டுகொண்டே அவர் இறக்கியதைக் குடித்தவர்களும் அங்கேதான் அமர்ந்தனர். இவற்றை மறைத்து எழுதும் வரலாறு விளம்பரத்துக்கு உதவும். எனினும், குடியின் கேட்டைக் குறைப்பதற்காக எழுதப்பட்ட விதியில் மிகச்சிறிய கடை மிகப்பெரிய சுமையை ஏற்றதையும் வரலாறு குறிக்கத்தான் வேண்டும்.

இக்கடைகளைப் பற்றி ஆவணக்காப்பகத்தில் தேடுவோர்க்கு உரிமப் பதிவேடுகளும் வரிக்கணக்குகளும் கிடைக்கும். உள்ளே அமர்ந்திருந்தவர்களைக் காண ஓவியங்களைத்தான் நாடவேண்டும். கேலிச்சித்திரக்காரர் மாரியோ மிராண்டா (1926–2011) தம் கோவாச் சித்திரங்களில் தாவெர்னாவுக்கும் இடம் கொடுத்தார். அவருடைய சித்திரங்கள் இன்று ஓடுகளிலும் காப்பிக் குவளைகளிலும் அச்சாகி, பணஜியின் நினைவுப்பொருள் கடைகளில் விற்பனையாகின்றன. அவற்றை விற்கக் கலால் உரிமம் தேவையில்லை.