ஆற்றங்கரையில் பிள்ளைகளோடு ஒரு காலை நடை

பிள்ளைகளை அருவியாற்றங்கரைக்கு நடக்கக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டது ஒரேயொரு கேள்விதான்: “காட்டுக்குள்ள நடந்தது காணாதே பிள்ளை?”

அவர் கேட்டதில் பிழையில்லை. எங்களில் பலருக்குக் காட்டுப்பாதை என்றால் இடம்பெயர்வுதான். தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை, எங்கே போகிறோம் என்று தெரியாத நடை. ஆனால் என் பிள்ளைகள் இருவரும் போருக்குப் பிறகு பிறந்தவர்கள். மூத்தவளுக்கு எட்டு வயது, இளையவனுக்கு ஐந்து. எங்கள் பயத்தை மட்டும் கொடுத்துவிட்டு, எங்கள் ஆற்றைக் காட்டாமல் விடுவது சரியாகப் படவில்லை. அதனால் போனோம். இப்போது வருடத்தில் இரண்டு மூன்று தடவை போகிறோம். அந்த அனுபவத்தில் கற்றவற்றை, போக நினைக்கிற பெற்றோருக்காக எழுதுகிறேன்.

எந்த ஆறு, எந்தக் காலம்

அருவியாறு என்று நாங்கள் அழைப்பதைத்தான் மேலே மல்வத்து ஓயா என்கிறார்கள். 164 கிலோமீற்றர் நீளமான இது, மகாவலிக்கு அடுத்ததாக இலங்கையின் இரண்டாவது நீளமான ஆறு. அநுராதபுரத்தினூடாக வந்து மன்னார் மாவட்டத்தில் அரிப்புப் பக்கமாகக் கடலில் கலக்கிறது. தேக்கம் அணைக்கட்டில் மறிக்கப்படும் இதன் தண்ணீர்தான் கட்டுக்கரைக் குளத்துக்குப் போகிறது. மன்னார்ப் பெருநிலப்பரப்பின் நெல்வயல்கள் விளைவது அந்தக் குளத்தால். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, “அப்ப எங்கட சோறு இந்த ஆத்திலயிருந்தோ வருது?” என்று மகள் கேட்டாள்.

குஞ்சுக்குளத்தில் பிரித்தானியர் காலத்துத் தொங்குபாலம் ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கத்து ஆற்றங்கரை சிறுவர்களுக்கு ஏற்றது. ஏற்ற இறக்கம் குறைவு, கரை நெடுக மருத மரங்களின் நிழல். பாலத்தில் ஏறுவதற்கு முன் பலகைகளின் நிலைமையை ஊரவரிடம் கேளுங்கள். கையைப் பிடித்தபடி ஒவ்வொரு பிள்ளையாகக் கடக்க வையுங்கள்.

ஐப்பசி முதல் தை வரை போகவேண்டாம். இங்கே ஒரு துளி மழை இல்லாவிட்டாலும், அநுராதபுரப் பக்கம் மழை பெய்து மேலே உள்ள குளங்களின் வான்கதவுகள் திறக்கப்பட்டால் ஆறு பெருகிவிடும். தெளிந்த தண்ணீர் கலங்கினால், இலையும் தடியும் மிதந்து வரத் தொடங்கினால், இரைச்சல் கூடினால், உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். மாசி, பங்குனியே எங்களுக்குப் பிடித்த காலம்.

எவ்வளவு தூரம்

ஐந்து வயதுப் பிள்ளைக்குப் போகவர இரண்டு கிலோமீற்றர் தாராளம். ஒரு கிலோமீற்றர் நடக்க எங்களுக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். கல் பொறுக்கவேண்டும், மீன்கொத்தியைப் பார்க்கவேண்டும், எறும்புப் புற்றடியில் குந்தவேண்டும். பெரியவர்களின் வேகத்துக்கு இழுத்தால் அழுகையில்தான் முடியும். காலை ஏழரைக்குப் பிறகு தொடங்கி, வெயில் ஏற முன் திரும்பிவிடுகிறோம். அதிகாலையிலும் பின்னேரத்திலும் யானை நடமாடும். முதல்நாள் யானை வந்ததா என்று வழியில் உள்ள கடையிலோ வயல் வேலை செய்பவர்களிடமோ கேட்டுவிட்டே இறங்குங்கள்.

ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், மூடிய சப்பாத்து, தொப்பி, மாற்றுடுப்பு, சாப்பாடு. இவை போதும். சாப்பாட்டைக் கையில் காட்டிக்கொண்டு நடந்தால் குரங்கு பறிக்கும்.

பாதையை விட்டு இறங்காதே

எங்கள் வீட்டில் இது முதலாவது சட்டம். வன்னியிலும் மன்னாரிலும் மிதிவெடி அகற்றும் பணி பல வருடங்களாக நடந்து வருகிறது. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது. என்றாலும் வேலை முழுதாக முடியவில்லை. வெள்ளம் மண்ணோடு வெடிபொருளையும் அரித்துக்கொண்டு வந்து வேறு இடத்தில் போடக்கூடும். ஆகவே ஆட்கள் நடந்து பழகிய பாதையில் மட்டும் செல்லுங்கள். மண்டையோட்டுப் பலகையோ சிவப்பு அடையாளத் தடியோ கண்டால் வந்த வழியே திரும்புங்கள்.

பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது இதுதான்: தெரியாத இரும்போ பிளாஸ்ரிக்கோ கண்டால் தொடாதே, எறியாதே, மற்றவர்களையும் கிட்டப் போக விடாதே, பெரியவர்களிடம் சொல். பெரியவர்கள் 119இல் பொலிஸாருக்கு அறிவிக்கவேண்டும்.

தண்ணீரும் பாம்பும்

அருவியாற்றில் முதலை உண்டு. ஆழமான, அசையாத மடுக்களில் பிள்ளைகளை இறக்கவே கூடாது. ஊரவர் குளிக்கிற துறை எதுவென்று கேட்டு, அங்கேயும் கணுக்கால் தண்ணீரோடு நிறுத்துங்கள். காலில் புண் இருந்தால் அதுவும் வேண்டாம், எலிக்காய்ச்சல் தொற்றலாம். போய்வந்து ஓரிரு வாரத்தில் காய்ச்சல் வந்தால், ஆற்றில் இறங்கியதை வைத்தியரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

சருகுக்குள் புடையன் கிடக்கும். கடித்தால் வெட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட அவயவத்தை அசைக்காமல் வைத்து அரச வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். 1990 அம்புலன்ஸ் சேவை இலவசம். ஆற்றங்கரையில் தொலைபேசிச் சமிக்ஞை எந்த இடத்தில் விடுபடுகிறது என்று போகும்போதே பார்த்து வையுங்கள்.

அவர்கள் கேட்பார்கள்

முதல் நடையில் மகள் கேட்டாள், “ஏனம்மா பாதையை விட்டு இறங்கக்கூடாது?” பாம்பு என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். மருத மரத்தடியில் இருத்தி, அவளுடைய வயதுக்கு ஏற்ற அளவில் சொன்னேன். இங்கே சண்டை நடந்தது, நிலத்துக்குள் வெடி புதைத்தார்கள், எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் அம்மம்மாவும் இப்படியான காட்டுக்குள்ளால்தான் நடந்து வந்தோம் என்று. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன், அதற்கு மேல் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்ல முடியாவிட்டால், பிறகு சொல்கிறேன் என்று சொல்வதும் நேர்மையான பதில்தான்.

நெஞ்சு படபடத்தால் திரும்பிவிடுங்கள். முதல் தடவை நான் பாலம் வரை போகவில்லை, பாதி வழியில் திரும்பினேன்.

மூன்றாவது நடைக்கு அம்மாவும் வந்தார். சிறிது நேரம் பேசாமல் நடந்தவர், பிறகு பேரனின் கையைப் பிடித்து ஒவ்வொரு மரமாகப் பெயர் சொல்லத் தொடங்கினார். மருது, பாலை, வீரை. அந்த நாட்களில் பாலைப்பழம் தின்று பசியாறியதையும் சொன்னார். “அடுத்த முறை பாலை பழுக்கிற நேரம் வருவம்” என்றான் அவன். அம்மா ஓமென்றார்.