செரில் மில்லர்

செரில் மில்லர் (பிறப்பு: ஜனவரி 3, 1964) அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை, பயிற்றுநர், தொலைக்காட்சி வர்ணனையாளர். கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரில் பிறந்தார். தம்பி ரெஜி மில்லரும் புகழ்பெற்ற கூடைப்பந்து வீரர். 1982இல் பள்ளி ஆட்டமொன்றில் செரில் தனியாளாக 105 புள்ளிகள் எடுத்தார். அன்றிரவு தன் பள்ளிக்காக 39 புள்ளிகள் குவித்துவிட்டுப் பெருமையோடு வீடு திரும்பிய ரெஜி, அக்காவின் கணக்கைக் கேட்டு வாயடைத்துப் போனதைப் பின்னாளில் அவரே சிரித்தபடி சொல்வதுண்டு.

1982இல் லாஸ் ஏஞ்சலிஸின் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பமீலா, பவுலா மெக்கீ என்ற இரட்டையரும் சிந்தியா கூப்பரும் அணியில் இருந்தனர். 1983 தேசிய இறுதியில் லூசியானா டெக் அணியை 69-67 என்று வென்றார்கள். மறு ஆண்டு டென்னசியை வீழ்த்திப் பட்டத்தைத் தக்கவைத்தார்கள். இரண்டு முறையும் இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் மில்லரே. நான்கு ஆண்டுகளில் அவர் சேர்த்தவை 3,018 புள்ளிகள், 1,534 ரீபவுண்டுகள். கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் மூன்று புள்ளி எறிதல் நடைமுறைக்கு வருமுன்பே எட்டப்பட்ட எண்ணிக்கை இது என்பதால், இன்றைய கணக்குகளோடு நேரடியாக ஒப்பிடுவது அவருக்கு நியாயம் செய்யாது. ஆண்டின் சிறந்த வீராங்கனைக்கான நெய்ஸ்மித் விருது 1984 முதல் 1986 வரை தொடர்ந்து மூன்று முறை அவரைத் தேடி வந்தது. அவர் அணிந்த 31ஆம் எண்ணுக்குப் பல்கலைக்கழகம் ஓய்வு கொடுத்தது.

1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பயிற்றுநர் பாட் சம்மிட்டின் கீழ் ஆடிய அமெரிக்க அணி, இறுதியில் தென்கொரியாவை 85-55 என்று தோற்கடித்தது. பெண்கள் கூடைப்பந்தில் அந்நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. முந்தைய இரு ஒலிம்பிக் தங்கங்களையும் வென்ற சோவியத் அணி அந்தப் போட்டிகளைப் புறக்கணித்திருந்ததால், வெற்றியின் மதிப்பைக் குறைத்துப் பேசியவர்கள் உண்டு. அதற்கான பதில் 1986இல் கிடைத்தது. மாஸ்கோவில் நடந்த நல்லெண்ண விளையாட்டுப் போட்டிகளிலும், உலகக் கோப்பை இறுதியிலும், சோவியத் அணியை அதன் சொந்த மண்ணிலேயே மில்லரின் அணி வீழ்த்தியது.

ஆனால் ஆட்டம் அதோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. முழங்கால் காயம் 1988 சியோல் ஒலிம்பிக் வாய்ப்பைப் பறித்தது. உடல் ஒத்துழைத்திருந்தாலும், அன்றைய அமெரிக்காவில் பெண்களுக்கென நிலையான தொழில்முறைப் போட்டித்தொடர் இல்லை, டபிள்யூ.என்.பி.ஏ. 1997இல்தான் தொடங்கியது. மில்லர் அதில் பீனிக்ஸ் மெர்குரி அணியின் முதல் பயிற்றுநராக நுழைந்து, 1998இல் அணியை இறுதிவரை கொண்டுசென்றார். அதற்கு முன் 1993 முதல் 1995 வரை தாம் படித்த பல்கலைக்கழக அணிக்கும் பயிற்சியளித்திருந்தார்.

1995இல் நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. தம்பி ரெஜிக்கு அந்த இடம் கிடைத்தது 2012இல்.